மீதியை அவரிடம் விடுங்கள்

டாலர் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆம்பூரில் டீக்கடை வரை பேச்சு வந்துவிடும். ஷூ ஏற்றுமதியை நம்பிய ஊர் அல்லவா? ஒரு டாலர் நோட்டில் இருக்கும் வாஷிங்டனின் முகம், கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் வரையத் தொடங்கி முடிக்காமலே வைத்துக்கொண்ட ஓவியத்திலிருந்து வந்தது. இரண்டு டாலர் நோட்டின் பின்பக்கத்தில் ஜான் ட்ரம்புல் வரைந்த சுதந்திரப் பிரகடனக் காட்சி இருக்கிறது. இருவரும் இளமையில் லண்டனில் பெஞ்சமின் வெஸ்ட்டிடம் ஓவியம் பயின்றவர்கள். நோட்டில் ஏறாத அவர்களது படம் ஒன்றைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

1780. அமெரிக்க விடுதலைப் போர் நடக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரி ஆந்த்ரேயை ஒற்றர் என்று அமெரிக்கர்கள் தூக்கிலிட்டார்கள். செய்தி எட்டியதும் லண்டனில் ட்ரம்புல் கைதானார். வாஷிங்டனிடம் படையில் பணியாற்றியவர் ஆயிற்றே! ஆசிரியர் வெஸ்ட் மன்னரிடமே பரிந்து பேசினார். ஸ்டூவர்ட் சிறைக்குப் போய் நண்பரை வரைந்தார். முகத்தை அவர் தீட்ட, மீதியை ட்ரம்புலே முடித்தார். 1781-இல் விடுதலை கிடைத்தது.

முழுப்படத்தையும் ஸ்டூவர்ட்டே வரைந்து கொடுத்திருந்தால் ட்ரம்புல் நன்றி சொல்லியிருப்பார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பாதிப் படமோ அவர் கையில் தூரிகையைக் கொடுத்தது. நீ இன்னும் ஓவியன்தான் என்று வாயால் சொல்லாமல் சொன்னது. ஒரே தொழில் செய்கிறவனுக்குத்தான் இது தோன்றும்.

எங்கள் பக்கமும் ஆர்டர் குறைந்து கம்பெனி ஆட்களை நிறுத்தும்போது, பழைய சகாக்கள் சிலர் பணத்தை நீட்டுவதில்லை. தைப்பதற்கு ஷூவின் மேல்பகுதியை, அதாவது அப்பரை, கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கிய பணம் தலையைக் குனிய வைக்கும். தைத்துக் கொடுத்த கைக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. படுக்கையில் கிடப்பவரிடம் மீதியை நீயே செய் என்பது கொடுமை. அங்கே முழுதாகத்தான் தாங்க வேண்டும். ஆனால் கையும் தொழிலும் உள்ளவர் விழுந்து கிடக்கும்போது, எல்லாவற்றையும் நாமே செய்து தருவது பெரும்பாலும் நம் பெருமைக்குத்தான். உங்களுக்கு நன்றாக வருவதைச் செய்து கொடுங்கள். அவரால் முடிவதை அவரிடமே விட்டுவிடுங்கள்.