பாவையும் பிசிறும்

தையல் மிஷினில் ஊசிக்குக் கீழேயுள்ள தகட்டைக் கழற்றினால், துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில் எண்ணெயோடு சேர்ந்து இறுகிய பஞ்சு கிடக்கும். தூசி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தூசி சும்மா கிடக்கும் மிஷினிலும் படியும். இந்தப் பஞ்சு தைக்கிற மிஷினில்தான் சேரும். நூல் ஊசிக்காதில் உரசுகிறது, துணி பற்களில் உரசுகிறது, இழை உதிர்கிறது. வேலையே தன் தடையை உற்பத்தி செய்துகொள்கிறது. எடுக்காமல் விட்டால் துணி நகராது, தையல் விட்டுப்போகும், அடிநூல் சிக்கும்.

ஒன்றை உண்டாக்குவதும், உண்டானதை இயங்கவைப்பதும் சம மதிப்புள்ள காரியங்களா?

1924ல் யந்திரங்கள் பற்றிய ஓர் உரையாடலில் காந்தி, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவது பொறாமல் சிங்கர் அதைச் செய்தார், அதன் பின்னால் அன்பு இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பல பெண்களோடு பல குடும்பங்கள் நடத்திய சிங்கரின் வாழ்க்கைக்கு இந்தக் கதை பொருந்தாது. அது போகட்டும். உண்மையென்றே கொண்டாலும், அந்த அன்பு 1851ல், அவர் காப்புரிமை பெற்ற வருஷத்தோடு செலவாகிவிட்டது. தினமும் தகட்டைக் கழற்றுகிறவரிடம் கேட்கப்படுவது தினமும் புதிதாகத் தரவேண்டிய ஒன்று. கக்கூஸ் கழுவுவதை ஆசிரம தர்மமாக்கிய காந்தி, யந்திரத்தை நியாயப்படுத்தும்போது மட்டும் கண்டுபிடித்தவனின் நோக்கத்தோடு நின்றுவிட்டார்.

நற்றிணையின் 201ஆம் பாடலில் கொல்லிப்பாவை வருகிறது. காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் வடிவு கெடாத பாவை. பராமரிப்பே வேண்டாத ரூபம். கலைஞர்கள் ரகசியமாக ஆசைப்படுவது இதற்குத்தான். அதே கொல்லிமலையில், திருப்புலி நாட்டில் ஓடும் ஒரு தையல் மிஷினுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. பஞ்சு அடைக்கும் ஒவ்வொரு தடவையும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மெக்கானிக்கைத் தேட முடியாது. தைப்பவரே ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இங்கேதான் என் கேள்விக்குப் பதில் கிடைப்பதாக நினைக்கிறேன். துப்புரவு தாழ்ந்த காரியம் என்பது அந்தக் காரியத்தின் இயல்பிலிருந்து வந்த முடிவு அல்ல. நம் சமூகம் அதைப் பிறப்பின் பேரால் சிலரிடம் தள்ளியது. வீட்டுக்குள் பெண்ணிடமும், கடையில் எடுபிடிப் பையனிடமும் தள்ளியது. செய்பவரின் தாழ்வு செயலின் மேல் ஏறிக்கொண்டது. தைக்கிற கையே தகட்டையும் கழற்றும்போது எது உயர்ந்தது என்ற கேள்விக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது. இரண்டும் தையலின் பகுதிகள்.

சொல்லும் புழங்கப் புழங்க இழை உதிர்க்கிறது. புதுக்கவிதையின் நேற்றைய படிமங்கள் இன்று இடுக்கில் இறுகிக் கிடக்கின்றன. அவற்றைச் சுரண்டும் வேலையை விமர்சகனிடம் தள்ளிவிட்டுப் பாவை வடிக்கப் போகிறவர்கள், தங்கள் வரி ஏன் நகரவில்லை என்று யோசிக்கலாம்.