எதற்கும் உதவாத சிலந்தி

இங்கிலாந்தின் தென்மேற்கில், பிளிமத் நகரத்துப் பழைய சுண்ணாம்புக்கல் குவாரிகளில் ஒரு சிலந்தி வாழ்கிறது. உடல் நீளம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். விரிப்பைப் போலத் தட்டையாக வலை பின்னும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் வேறெங்கும் இது கண்டறியப்பட்டதில்லை. 1995-இல்தான் அறிவியல் இதற்குப் பெயர் வைத்தது: நோத்தோஃபாண்டஸ் ஹாரிடஸ்.

ஹாரிடஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சிலிர்த்த மயிர் கொண்டது என்று பொருள். ஆங்கிலப் பெயரில் அது 'ஹாரிட்' என்றானது. இன்றைய வழக்கில் அதற்கு அருவருப்பானது என்று அர்த்தம். மயிரிலிருந்து அருவருப்புக்கு ஒரே எட்டு. மேலுதட்டு மயிருக்காகவும் கால் மயிருக்காகவும் கூனிக்குறுக வைக்கப்பட்ட பெண்களுக்கு இந்தத் தூரம் நன்றாகத் தெரியும்.

இது கிடைத்த குவாரிகளில் ஒன்று தொழிற்பேட்டையாகிவிட்டது. இன்னொன்றான ராட்ஃபோர்ட் குவாரியில் வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. பக்லைஃப் என்ற அமைப்பு எதிர்த்தது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2015-இல் கட்டுமான நிறுவனத்தின் மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. சிலந்தியின் வாழிடம் அழியும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

"இந்தச் சிலந்தியால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிலந்திகள் பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுகின்றன என்று பதில் சொல்லலாம். எனக்கு அந்தப் பதிலில் அச்சம் இருக்கிறது. "பெண் சிசுவைக் கொல்லாதே, நாளை உன் மகனுக்கு மனைவி வேண்டாமா?" என்ற பிரச்சாரத்தை நாம் கேட்டிருக்கிறோம். அதில் காப்பாற்றப்படுவது மனைவி என்ற வேலை மட்டுமே. பயனைச் சொல்லிப் பெற்ற உயிருரிமை, பயன் தீர்ந்ததும் பறிபோகும். பிள்ளை பெறாதவள், முதுமையில் படுக்கையில் விழுந்தவள், யாருக்கும் சமைத்துப் போடாதவள் எல்லாரும் அந்தக் கணக்கில் தோற்பார்கள்.

வீடில்லாத ஒருத்தியின் முன் நின்று இதைச் சொல்ல முடியுமா என்பது நியாயமான கேள்வி. அவளுக்கு வீடு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் வீட்டை வேறிடத்தில் கட்டலாம். இந்தச் சிலந்திக்கு வேறிடம் இல்லை. அந்த வேறிடத்தைத் தேடும் பொறுப்பு அவள் தலையில் விழக்கூடாது. நிலமும் பணமும் வைத்திருப்பவர்கள் தேடட்டும்.

உயிரோடிருக்கும் எதற்கும் தன் பயனை நிரூபிக்கும் கடமை இல்லை. காரணம் சொல்ல வேண்டியவர், அழிக்க வருபவர்.