கை மாறும் காசு

யாரும் பார்க்காத இடத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறானோ, அதுவே அவனுடைய உண்மையான ஒழுக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வது எளிது, சோதித்துப் பார்ப்பதுதான் கடினம். பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்னும் நூலில் இதற்காகவே ஒரு கதை வருகிறது. லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் கல்லை உட்புறமாகத் திருப்பிக்கொண்டால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அந்தத் துணிவில் அவன் அரசியை வசப்படுத்துகிறான், அரசனைக் கொல்கிறான், நாட்டையே கவர்ந்துகொள்கிறான். இப்படி ஒரு மோதிரம் கையில் இருந்தால் எவன்தான் நல்லவனாக இருப்பான்? கதை எழுப்பும் கேள்வி இதுதான்.

மாய மோதிரம் கதைகளில்தான் கிடைக்கும். ஆனால் அதற்கு ஏறக்குறையச் சமமான ஓர் இடம் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்களுக்கு அன்றாடம் கிடைத்து வந்திருக்கிறது. 'ஜீப்னி' என்னும் வண்டியின் கடைக்கோடி இருக்கைதான் அது.

அந்த வண்டி பிறந்த கதையே சுவையானது. 1945ஆம் ஆண்டுப் போரில் மணிலா நகரம் இடிபாடாகக் கிடந்தது. போருக்கு முன் ஓடிய டிராம் வண்டிகளும் அழிந்துபோயின. மக்கள் பிழைப்புக்குப் போகவேண்டும். ஏறிப் போக வண்டி இல்லை. அமெரிக்கப் படையினர் தங்களுக்கு மிகுந்துபோன ஜீப்புகளை விட்டுச் சென்றிருந்தார்கள். நாலைந்து பேருக்குமேல் ஏற இடமில்லாத போர் வண்டி அது. அந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் அதை நீட்டினார்கள். மேலே தகரக் கூரை வேய்ந்தார்கள். பின்புறம் வாசல் வைத்து, உள்ளே இருபக்கமும் நீண்ட பலகைகளை எதிரெதிராகப் போட்டார்கள். போருக்கு வந்த வண்டி ஊருக்கு உழைக்கத் தொடங்கியது. குதிரை வண்டி ஓட்டிப் பழகிய லியோனார்டோ சராவ் என்பவர் 1953இல் லாஸ் பின்யாஸ் என்னும் ஊரில் இதற்கென்றே ஒரு பட்டறை தொடங்கிப் பெயர் பெற்றார். படை விட்டுப்போன ஜீப்புகள் தீர்ந்த பிறகும் அந்த உருவம் தீரவில்லை. தகட்டை வளைத்து உடலைப் புதிதாகச் செய்தார்கள்; ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். முகப்பில் உலோகக் குதிரைகள், பக்கங்களில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், புனிதர்களின் படங்கள், பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் என்று அதை ஒரு தேரைப்போல் சிங்காரித்தார்கள். சாதாரணமாக 16 முதல் 20 பேர் வரை முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவார்கள்.

வண்டியின் அழகைவிட அதில் காசு போகும் வழிதான் என் மனத்தைக் கவர்கிறது. பெரும்பாலும் கண்டக்டர் என்று தனியாக ஒருவர் இருப்பதில்லை. டிரைவரே வண்டி ஓட்டவேண்டும். அவரே காசு வாங்கி மீதியும் தரவேண்டும். கடைக்கோடியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வந்து கொடுக்க வழியில்லை. 'பாயாட் போ' என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் காசை நீட்டுகிறார். 'பாயாட்' என்றால் கட்டணம். 'போ' என்பது மரியாதைக்காகச் சேர்க்கும் சொல். நம் காதுக்கு விரட்டுவதுபோல் ஒலிக்கும் சொல் அவர்களுக்குப் பணிவைக் காட்டுகிறது! அந்தக் காசு முன்பின் அறியாத ஏழெட்டுப் பேரின் கைகளில் ஏறி டிரைவரிடம் போய்ச் சேர்கிறது. மீதிச் சில்லறை அதே வழியில், அதே கைகளின் மேல், ஒன்றும் குறையாமல் திரும்பி வருகிறது.

ஏமாற்றுகிறவர்கள் அங்கே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அதனால்தான் பல ஜீப்னிகளில் ஒரு வாசகம் எழுதி வைத்திருப்பார்கள். 'யார் காசு கொடுக்கவில்லை என்பது கடவுளுக்குத் தெரியும்' என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் 'யார் கொடுக்கவில்லை' என்று வரும் சொற்களைச் சற்றே மாற்றி, 'ஹூடாஸ்' என்று எழுதிவிடுவார்கள். முப்பது வெள்ளிக்காசுக்காகத் தன் குருவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயர் அது. சில்லறைக் காசுக்காக யூதாஸ் ஆகிவிடாதே என்று சிரித்துக்கொண்டே எச்சரிக்கிறார் டிரைவர். பின்னால் திரும்பிப் பார்க்க முடியாதவர் கடவுளைக் கண்டக்டராக நியமித்துக்கொள்கிறார்!

ஆனாலும் நாள் முடிவில் அந்த வண்டிகள் ஓடத்தானே செய்தன? கொடுக்காதவர்களைவிடக் கொடுத்தவர்களே மிகுதி என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இது வெறும் கூச்சம், அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்ற பயம் என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் நடுவில் இருப்பவரை எண்ணிப் பாருங்கள். அந்தக் காசு அவருடையது அன்று. அவருக்குச் சேரவேண்டியதும் அன்று. வாங்கி நீட்டுவதால் அவருக்கு ஓர் இலாபமும் இல்லை. மூன்று விநாடி நேரம் பிறர் பொருளுக்குக் காவலாக இருந்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் வெளியே பார்க்கத் தொடங்கிவிடுகிறார். நன்றியும் எதிர்பார்ப்பதில்லை. திருடுவது மட்டுமன்று, பிறர் பொருளைக் கவர மனத்தால் நினைப்பதும் தீமையே என்பது வள்ளுவர் கள்ளாமையில் காட்டிய நெறி. அந்த நடுக்கைகளுக்கு அப்படி நினைக்கவே தோன்றுவதில்லை. கொடுப்பவனும் வாங்குபவனும் மட்டும் நேர்மையாக இருந்தால் உலகம் நடந்துவிடாது. இடையில் இருக்கும் கைகளும் நேர்மையாக இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் ஜீப்னியைப் புகழ்ந்து பாடியதோடு கட்டுரை முடிந்துவிடும். ஆனால் அந்த வண்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உள்ளே காசு நேர்மையாகக் கை மாறிக்கொண்டிருக்கும்போது, வெளியே பழைய டீசல் எஞ்சின் கரும்புகையைக் கக்கிக்கொண்டு போகிறது. தெருவோரத்தில் கடை வைத்திருப்பவரும் பள்ளிக்கு நடந்து போகும் குழந்தையும் அதைச் சுவாசிக்கிறார்கள். அவர்கள் வண்டியில் ஏறவில்லை. ஆனாலும் அந்தப் பயணத்துக்குத் தங்கள் நெஞ்சால் விலை கொடுக்கிறார்கள். இது எந்த நேர்மையில் சேர்ந்தது?

ஆகவே 2017ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை நீக்கிவிட்டு, புகை குறைந்த எஞ்சின் உள்ளவற்றையோ மின்சார வண்டிகளையோ வாங்கவேண்டும்; தனித்தனியாக ஓட்டுவதை விட்டு, கூட்டுறவுச் சங்கமாகவோ நிறுவனமாகவோ சேரவேண்டும் என்றது. நோக்கம் நல்லது. குறை சொல்ல முடியாது. ஆனால் விலை? புதிய வண்டிகளில் பல 20 லட்சம் பெசோவைத் தாண்டின. அரசு ஒரு வண்டிக்குத் தர முன்வந்த உதவி தொடக்கத்தில் 80,000 பெசோ. பின்னர் அதை உயர்த்தினார்கள்.

டிரைவரின் வரவு செலவைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் தொகையின் கனம் புரியும். டிரைவர்களில் பலருக்குச் சொந்த வண்டி கிடையாது. காலையில் வண்டியை எடுக்கும்போதே, மாலையில் முதலாளிக்கு இவ்வளவு என்று வாடகை தீர்மானம் ஆகிவிடும். அதைக் கட்டி, டீசலுக்கும் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. ஒன்றும் மிஞ்சாத நாளும் உண்டு. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்காக ஊரை அடைத்தபோது, மணிலாவில் ஜீப்னி டிரைவர்கள் சிலர் தெருவில் நின்று பிச்சை கேட்கும் நிலைக்கு வந்தார்கள். பல ஆண்டுகள் ஊரையே ஏற்றிச் சென்ற கைகள் அவை. அப்படிப்பட்டவர்களிடம் லட்சக்கணக்கில் கடன் சுமையைக் காட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்? 2023 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கமாகச் சேருவதற்கான தவணை பலமுறை தள்ளிப்போடப்பட்டு, 2024 ஏப்ரல் 30 கடைசி நாளாக அறிவிக்கப்பட்டது.

அந்தப் புகையை நிறுத்தத்தான் வேண்டும். வண்ணம் அழகாக இருக்கிறது, பழைமை இனிமையாக இருக்கிறது என்பதற்காகக் குழந்தைகளின் நெஞ்சில் கரியை நிரப்ப யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், நல்ல காற்று யாருக்கு வேண்டும்? ஊரில் எல்லாருக்கும் வேண்டும். சொந்தக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவருக்கும் வேண்டும். அப்படியானால் அதன் விலையை மட்டும் ஒரு டிரைவர் ஏன் தனியாகத் தரவேண்டும்? இத்தனை ஆண்டுகளாக மலிவான கட்டணத்தில் ஏறி இறங்கியவர்கள், அந்தப் பயணிகளைக் கொண்டு தொழிற்சாலையும் அலுவலகமும் நடத்தியவர்கள் எல்லாரும் புகையின் ஆதாயத்தில் பங்கு பெற்றவர்கள்தாம். புகையை ஒழிக்கும் செலவு வரும்போது, அவர்கள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பொருள்? கடைக்கோடியில் உட்கார்ந்து, காசு கொடுக்காமல் இறங்கிப்போகும் பயணிக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? ஒருவன் ஏமாற்றினால் யூதாஸ் என்கிறோம். ஒரு நகரமே சேர்ந்து கொடுக்காமல் இருந்தால் அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

புதிய வண்டிகளில் அட்டையைக் காட்டினால் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் கருவியைப் பொருத்தவும் திட்டத்தில் இடம் உண்டு. பொறியின் கணக்குத் தவறாது, டிரைவர் ஏமாறமாட்டார், நல்லதுதான். அந்த வேலையிலிருந்து நடுக்கைகளுக்கு விடுதலை கிடைத்துவிடும். ஆனால் எந்தப் பொறியும் கழித்துக்கொள்ளாத கட்டணங்கள் பல இருக்கின்றன. பிறர் உழைப்பால் நமக்கு வரும் மலிவுக்கும், பிறர் நெஞ்சில் நாம் இறக்கிய புகைக்கும் யாரும் நம்மிடம் சீட்டுக் கேட்பதில்லை. அவற்றைப் பொறுத்தவரையில் நாம் எல்லாருமே மோதிரம் அணிந்தவர்கள்தாம். ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே எடுத்து முன்னே நீட்டினால்தான் அது முன்னால் இருப்பவரிடம் போய்ச் சேரும்.