யாருடைய வகுப்பறையில் பழகுவது?

தையற்காரன் வெட்டுத்துண்டிற் பழகுகிறான். தச்சன் கழிவுப் பலகையிற் பழகுகிறான். பழகும் நாட்களில் நேரும் பிழைகள் குப்பையோடு போய்விடுகின்றன. ஆசிரியத் தொழில் பழகுபவருக்கு மட்டும் கழிவுப் பலகை என்று ஒன்று இல்லை. அவருடைய முதலாண்டுப் பிழைகள் யாவும் ஏதோ ஒரு பிள்ளையின் நான்காம் வகுப்பிற் பதிந்துவிடுகின்றன. அந்த நான்காம் வகுப்பு அப்பிள்ளைக்குத் திரும்பி வருவதில்லை. இப்பிழைகளை அனுபவசாலி ஒருவரின் கண்முன்னே குறைத்துக்கொள்வதற்காகவே ஆசிரிய கலாசாலைகள் தோன்றின. அவ்வாறாயின், கலாசாலையின் வாயிலை மிதியாமல், வகுப்பறையில் நின்று சம்பளம் பெற்றுக்கொண்டே தகைமையையும் தேடிக்கொள்ளும் மாற்று வழியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

இவ்வழி ஆழமாக வேரூன்றிய நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. ஆசிரியர் கிடைக்காதபோது அவசர அனுமதிப் பத்திரத்தைக் கொடுத்து, கிடைத்தவரை வகுப்பறைக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இருந்தது. அதனை ஒழிக்கும் நோக்கத்துடன் நியூ ஜேர்சி மாநிலம் 1984இல் மாற்று வழியை ஏற்றுக்கொண்டது. பட்டம் ஒன்று வேண்டும்; கற்பிக்கும் பாடத்திற் பரீட்சை ஒன்றிற் சித்தியடைய வேண்டும்; வேலைக்கமர்த்தப் பாடசாலை ஒன்று முன்வர வேண்டும். இவை உடையவர் தற்காலிகப் பத்திரத்துடன் கற்பிக்கத் தொடங்கலாம். மூத்த ஆசிரியர் ஒருவர் துணைநிற்க, தொடக்க காலத்தில் ஏறத்தாழ 200 மணித்தியால வகுப்புகளை அவர் வேலையோடு வேலையாக முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்பிருந்த அலங்கோலத்தைவிட இது மேலானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், டெக்சாஸ் மாநிலத்தில் இலாபம் தேடும் கம்பனிகளே பின்னர் இப்பயிற்சியை விற்கப் புகுந்தன. தகைமை சரக்காகியபின் அதன் தரத்தை நிறுக்கும் தராசு யார் கையில் இருக்கும் என்பதை வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

1990இல் 'டீச் ஃபோர் அமெரிக்கா' என்னும் இயக்கம் தனது முதலாவது குழுவை வகுப்பறைகளுக்கு அனுப்பியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் ஆய்வுக் கட்டுரையிற் பிறந்த திட்டம் அது. புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகள், ஏழைகளின் பாடசாலைகளில் இரண்டாண்டு கற்பிக்க உடன்பட்டனர். நெடுங்காலமாக அவர்கள் பெற்ற முற்பயிற்சி கோடையில் ஐந்து வாரங்களே. அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. 2004இல் வெளிவந்த ஆய்வொன்று, அவர்களிடம் பயின்ற பிள்ளைகள் கணிதத்திற் சிறிது முன்னேறினர் எனவும், வாசிப்பில் வேறுபாடில்லை எனவும் கண்டது. ஆதரவாளர்க்கு இது பெருமகிழ்ச்சி. ஆயினும் ஒப்பிடப்பட்டவர் யாவர்? அதே ஏழைப் பாடசாலைகளின் ஏனைய ஆசிரியர்கள். அவர்களுட் பலரும் முறையான பயிற்சி பெறாதவர்களே. பசித்தவனுக்குக் கிடைத்த அரைச் சோற்றைக் காற்சோற்றுடன் ஒப்பிட்டு நிறைவடைவதற்கு இது ஒப்பாகும். செல்வர் வாழும் புறநகர்ப் பாடசாலையின் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஐந்துவாரப் பயிற்சியை ஏற்பார்களா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இவ்வளவும் எழுதுவது எமக்கு எளிதாயிருந்தது. அந்த நாடு தொலைவில் உள்ளது. எமது மலைநாட்டை நோக்கியதும் எழுதுகோல் தயங்குகிறது.

தோட்டப் பாடசாலை என்பது நெடுங்காலம் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றபோது, நகரத்திலிருந்து மலையேறிக் கற்பிக்க வந்தோர் சிலர். வந்தவரும் இடமாற்றத்திற்கு விண்ணப்பித்த வண்ணமே இருந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில், லயத்திற் பிறந்து வளர்ந்த இளைஞரும் யுவதியரும் குறைந்த தகைமையுடன் நியமனம் பெற்று, தொலைக்கல்வி மூலமும் சேவைக்காலத்திலும் பயிற்சி பெற்றனர். இதுவும் மாற்று வழிதான். இதனைக் குறுக்கு வழி என்று பழிக்க எமக்கு மனம் வரவில்லை. கொழுந்து பறிக்கும் தாயின் மகள் கரும்பலகையின் முன் நின்றாள்; பிள்ளைகள் பேசிய தமிழை அவள் அறிவாள்; மழைநாளில் எந்த லயத்துப் பிள்ளை வராது என்பதையும் அவள் அறிவாள். இவ்வறிவை எந்தக் கலாசாலை கற்பிக்கும்?

ஆனால் அரசு அவளை நடத்திய விதம் யாது? 2015இல் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர் நியமனம் வழங்கப்பட்டது. உயர்தரத்திற் சித்தியடைந்த அவர்களுக்கு மாதம் 6,000 ரூபாவே கொடுப்பனவாகத் தொடக்கத்திற் கிடைத்தது. ஆசிரியர் என்ற பெயரில்லை. வேலை மட்டும் ஆசிரியருடையது. வடக்கிலும் போர்க்காலத்திலே தொண்டராசிரியர்கள் பாடசாலைகளைத் தாங்கிநின்று, பின்னர் நிரந்தர நியமனங் கேட்டு வீதியில் அமர்ந்ததை நாம் கண்டோம். பற்றாக்குறைக் காலத்திலே தகைமையை எவரும் கேட்பதில்லை. சம்பளம் கொடுக்கும் நாளில்தான் அது நினைவுக்கு வருகிறது.

எனினும் எமது மனத்தை நாமே சோதிக்கவேண்டும். பிரின்ஸ்டன் பட்டதாரியைக் கண்டித்தோம். லயத்து யுவதியை வாழ்த்தினோம். முன்னவர் இரண்டாண்டிற் போய்விடக்கூடியவர், பின்னவள் அங்கேயே வாழ்பவள் என்ற வேறுபாடு மெய்யே, அது சிறியதுமன்று. ஆனால் முதலாந் தவணையில், பின்னக்கணக்கு விளங்காமல் விழிக்கும் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டினால் என்ன பயன்? ஆசிரியர் தன் வர்க்கத்தவர் என்பதற்காக விளங்காத கணக்கு விளங்கிவிடாது. தொழிலாளியின் மகளுக்கு உத்தியோகம் வேண்டும் என்னும் நியாயமும், தொழிலாளியின் பேரனுக்குப் பயின்ற ஆசிரியர் வேண்டும் என்னும் நியாயமும் ஒரே குடும்பத்திற்குள்ளே மோதுகின்றன. முதலாவதை ஆதரித்து முழங்கிய எம்போன்றோர் இரண்டாவதைக் குரல் தாழ்த்தியே பேசிவந்தோம்.

இம்மோதலைத் தணிக்க வழியுண்டு. முதலாண்டு முழுவதும் புதியவர் தனியே வகுப்பெடுக்கலாகாது. மூத்த ஆசிரியர் ஒருவர் அதே அறையில் நிற்கவேண்டும். இருவருக்கும் முழுச் சம்பளம் வேண்டும். இரண்டு மூன்று பேரே கற்பிக்கும் தோட்டப் பாடசாலையில் அத்தகைய மூத்தவருக்கு எங்கே போவது? அவர் நகரத்துப் பாடசாலைகளில் இருக்கிறார். இருபதாண்டு அனுபவமும் பயிற்சிப் பத்திரமும், வீட்டருகே வசதியான நேரசூசியும் உடையவர். இக்கட்டுரையை வாசிப்போரிலும் அத்தகையோர் பலர் உளர். ஓராண்டு மலையேற அவர்களுள் எத்தனை பேர் உடன்படுவர்?