ரசீது இல்லாத மனு

கோரிப்பாளையம் தர்கா. மஃரிப் தொழுகை முடிந்து, வாசலில் கைக்குழந்தைகளோடு நின்ற தாய்மார்களுக்கு வரிசையாக ஓதி ஊதிவிட்டு வந்து உட்கார்ந்தார் ஹஸ்ரத். நெற்றியில் குங்குமத்தோடு வந்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. சீடன் மட்டும் தள்ளியே நின்றிருந்தான்.

சீடன்: இப்போது ஊதினீர்களே ஹஸ்ரத், அதில் எத்தனை பிள்ளைக்குக் குணமாகும்?

குரு: எனக்கெப்படித் தெரியும்? உட்கார். என்ன ஆச்சு?

சீடன்: அக்கா குழந்தை குறைமாசத்தில் பிறந்தது. பெரியாஸ்பத்திரியில் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து நடந்து வருகிற தூரம்தானே இந்தத் தர்கா, ராத்திரி பகலாக இங்கேதான் கிடந்தோம். ஃபாத்திஹா ஓதினோம், நேர்ச்சை வைத்தோம். பக்கத்து பெட்காரம்மா அழகருக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டது. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் பிள்ளையை மையவாடிக்குக் கொண்டுபோனோம்.

குரு: இன்னா லில்லாஹி... அக்கா எப்படியிருக்கிறாள்?

சீடன்: வாயே திறப்பதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள்தான் ஓயாமல் பேசுகிறார்கள். இறைவனிடம் கேட்கும் துஆவுக்கு மூன்று விதத்தில் பதில் உண்டாம். கேட்டது கிடைக்கும், இல்லையென்றால் வரவிருந்த ஒரு தீங்கு விலகும், அதுவும் இல்லையென்றால் மறுமைக்குச் சேரும்.

குரு: ஹதீஸ்தான் அது.

சீடன்: அப்படியென்றால் துஆ தோற்கவே தோற்காதே! கிடைத்தாலும் கபூல், கிடைக்காவிட்டாலும் கபூல். எப்படி விழுந்தாலும் ஜெயிப்பது என்ன கணக்கு?

குரு: சரியாகப் பிடித்தாய். அத்தாட்சியாகக் காட்டப்போனால் அது எடுபடாது. விலகிப்போன தீங்கை யார் கண்டார்? ஆனால் அது வாதாடுவதற்கு வந்த சொல் இல்லை. துஆ கேட்டவன், கை வெறுமையாகத் திரும்பும்போது, தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வந்தது. அதையே அடுத்த வீட்டு ஜனாஸாவின் தலைமாட்டில் நின்று நாம் சொன்னால் கல்லடிதான்.

சீடன்: தர்காவில் போய்க் கேட்டீர்கள், அதனால்தான் இப்படி என்றும் சிலர் சொல்கிறார்கள்.

குரு: பள்ளிவாசலில் மட்டும் கேட்டவர்களின் பிள்ளைகள் எல்லாம் பிழைத்துவிட்டனவா? உள்ளே அடங்கியிருக்கும் அலாவுதீன் பாதுஷாவும் சம்சுதீன் பாதுஷாவும் கொடுப்பவர்கள் என்று நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கொடுப்பவன் ஒருவன். அந்த விவாதம் நடக்கட்டும், ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டுக் கூடத்தில் வேண்டாம்.

சீடன்: நாங்கள் மனசு ஒன்றிக் கேட்கவில்லையோ என்று அத்தா உருகிப்போகிறார்.

குரு: நபிமார்களைவிடவா ஒன்றிக் கேட்க முடியும்? நூஹு நபி மகனுக்காக இறைஞ்சினார். மகன் வெள்ளத்தோடு போனான். நம் நாயகம் உம்மத்துக்காக மூன்று கேட்டார்கள். பஞ்சத்தால் ஒட்டுமொத்தமாக அழியக்கூடாது, வெள்ளத்தால் அழியக்கூடாது, இரண்டும் கிடைத்தன. தங்களுக்குள் அடித்துக்கொள்ளக் கூடாது என்ற மூன்றாவது கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்குப் பேப்பரைத் திறந்தால் போதும். நாயகத்தின் மகன் இப்ராஹீம் பால்குடி வயதில் மடியிலேயே போனான். கி.பி. 632-ல் அது. அன்றைக்குச் சூரிய கிரகணம். நபி மகன் இறந்ததற்குச் சூரியனே இருண்டது என்று ஊர் பேசியபோது நாயகம் என்ன செய்தார்கள்? யாருடைய சாவுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஆனால் மகனைக் கையில் வைத்து அழுதார்கள். அழுததை மறைக்கவில்லை. உன் அத்தாவிடம் இதைச் சொல்.

சீடன்: அப்புறம் எதற்குத்தான் கேட்கவேண்டும்?

குரு: கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறோம், ரசீது தருகிறார்கள். அடுத்த வாரம் ரசீதைக் காட்டி என்னாச்சு என்று கேட்கலாம். துஆவுக்கு ரசீது கிடையாது. இருந்தும் ஜகரிய்யா நபி எலும்பு தளர்ந்து, தலை நரைத்த பிறகும் பிள்ளை கேட்டார்.

சீடன்: அவருக்குக் கிடைத்ததே!

குரு: கிடைத்தது. அந்த யஹ்யா நபியையும் பிற்பாடு கொன்றுபோட்டார்கள். கிடைத்தவர் வீட்டுக் கதையையும் முழுசாகப் படிக்கவேண்டும் தம்பி. பதில் வரும் என்று கணக்குப் போட்டுக் கேட்பவன் ஒரு தடவையில் எழுந்து போய்விடுவான். ஈமான் என்று நான் சொல்வது, இறைவனோடு பேச்சை அறுத்துக்கொள்ளாமல் இருப்பதை. கோபமாகப் பேசினாலும் பேச்சுதான். இப்போது நீ பேசுவதும் அதுதான்.

சீடன்: ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

குரு: தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசுகிறவனிடம் ஜாக்கிரதையாக இரு. ஆனால் ஒன்று தெரியும். எல்லாத் துஆவும் மேலே தங்கிப்போவதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடி தர்கா பக்கம் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். தர்கா நிழலில் குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள். அவர்களுக்காகக் கேட்கப்பட்ட துஆவுக்குப் பதில் வராமலா இருந்தது? மனநோய்க்கு மாத்திரை இருந்தது, டாக்டர் இருந்தார். வந்த பதிலை வாசலில் நிறுத்திவிட்டு, ஆளை உள்ளே பூட்டினோம். அதற்கப்புறம்தான் அந்தத் தர்கா பக்கத்திலேயே மருந்தையும் துஆவையும் சேர்த்துக் கொடுக்கும் அரசுத் திட்டம் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டியது.

சீடன்: அக்கா இப்போது தொழுவதுகூட இல்லை ஹஸ்ரத்.

குரு: பேறு நடந்த உடம்பு, இப்போது அவளுக்குத் தொழுகையே கடமை இல்லை. அப்புறமும் யாரும் அவளை விரட்ட வேண்டாம். அந்த மூன்று விதப் பதிலை அவள் முன்னால் யார் எடுத்தாலும், ஹஸ்ரத் வேண்டாம் என்றார் என்று சொல்லி நிறுத்து. அவளுக்கும் பரிசோதனைக்கு வரச்சொல்லித் தேதி போட்டுக் கொடுத்திருப்பார்களே, சீட்டு எங்கே என்று தேடி எடு. அந்தத் தேதி தவறாமல் நீயே கூட்டிக்கொண்டு போ.