தேயாத விளிம்பு

நெடுங்காலம் ஓடிய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைப் பிரித்து, ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சிலிண்டரின் உட்சுவரில் மேலிருந்து கீழாக நகத்தை மெல்ல ஓட்டிப் பார்ப்பவர், சிறிது தூரம் இறங்கியதுமே ஒரு படி தட்டுவதை உணர்வார். பிஸ்டனின் ரிங்குகள் ஏறிவரும் எல்லை அது. அதற்குக் கீழே இரும்பு தேய்ந்திருக்கிறது. அதற்கு மேலே, ரிங் ஒரு நாளும் எட்டாத அந்தச் சிறு பட்டையில், கடைந்தெடுத்த அன்றிருந்த அளவே இன்றும் இருக்கிறது.

திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்து, என் தந்தையாரிடம் 1964 முதல் உழைத்த என்பீல்டு புல்லட் வண்டியில்தான் இதை நான் முதலில் கண்டேன். அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். போர் கேஜை விளிம்பில் வைத்தபோது அந்த எழுபது அப்படியே இருந்தது. விரற்கடை தூரம் இறக்கியதும் முள் நகர்ந்தது, அதுவும் எத்திசையிலும் ஒன்றுபோல அன்று. எரியும் வாயு பிஸ்டனை அழுத்துகையில், சாய்ந்து நிற்கும் கனெக்டிங் ராடு அதனை முன்சுவரோடோ பின்சுவரோடோ சார்த்தித் தள்ளுவதால், வட்டம் நாளடைவில் முட்டை வடிவாகிவிடுகிறது. பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் உச்சியிலோ, வெப்பமும் அழுத்தமும் மிகுந்து எண்ணெய்ப் படலம் மெலிந்துபோவதால், தேய்மானமும் அங்கேதான் அதிகம். ஆகவே மிகுதியாகத் தேய்ந்த இடமும் சிறிதும் தேயாத இடமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

வேதாந்திகள் கூறும் சாட்சி அப்போது என் நினைவுக்கு வந்தது. ஒரே மரத்தில் இரு பறவைகள் இருப்பதாகவும், ஒன்று கனியை உண்ண மற்றொன்று உண்ணாமல் பார்த்திருப்பதாகவும் முண்டகோபநிஷத்து சொல்லும். அநித்தியமான சரீரத்தில் நித்தியமாய் நிற்கும் அந்த இரண்டாம் பறவையே இவ்விளிம்பு என்று எண்ணி மகிழ்ந்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் வண்டி அதே வண்டிதான் என்பதற்கு இரும்பிலேயே ஓர் அத்தாட்சி கிடைத்துவிட்டதாகவும் நம்பினேன்.

ஆனால் பட்டறைப் பெரியவர் முதலில் நீக்கச் சொன்னது அந்த விளிம்பைத்தான். புது ரிங் அந்தப் படியில் மோதினால் உடைந்துபோகும்; ஆகையால் ரீபோர் செய்யும்போது தேய்ந்த பகுதியோடு தேயாத பகுதியையும் ஒரே அளவாகக் கடைந்துவிட வேண்டும். அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்கு ஏற்ப அவ்வாறே கடைந்தார்கள். சாட்சி கரும்பொடியாக உதிர்ந்து தரையில் விழுந்தது.

பின் எதை வைத்து அதே வண்டி என்பது? இரதத்தின் சக்கரமும் அச்சும் தனித்தனியே இரதம் ஆகா என்று மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் உணர்த்தினார். பாகங்களின் சேர்க்கைக்கு நாம் இட்ட பெயரே இரதம் என்பது அவர் முடிவு. அரசாங்கப் பதிவேடும் ஏறத்தாழ அப்படித்தான். சேசிஸிலும் எஞ்சின் உறையிலும் பொறித்த எண்களே அதற்குப் போதும். எனக்கு இவ்விரண்டும் போதவில்லை. அந்த விளிம்பு எழுபது மில்லிமீட்டராகவே இருந்ததற்குக் காரணம், அது ஒரு நாளும் வேலை செய்யவில்லை என்பதுதானே! தந்தையார் அறிந்த வண்டி, அவர் பாரத்தைச் சுமந்து தேய்ந்த சுவரில் அல்லவா இருந்தது? நம் கோயில்களில் ஜீரணோத்தாரணம் செய்யும்போது, தெய்வ சாந்நித்தியத்தைக் கலச நீரில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் வைத்துப் பூஜையைத் தொடர்கிறார்கள். சிதைந்த கல்லை மாற்றுகிறார்கள்; வழிபாட்டை ஒரு நாளும் நிறுத்துவதில்லை. அதே கோயில் என்று நாம் சொல்வதற்கு அந்த இடைவிடாமைதான் ஆதாரம் என்று நினைக்கிறேன்.

கடைந்த சுவரைக் கண்ணாடிபோல் விட்டுவிடக் கூடாது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். ஹோனிங் கற்களால் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இடுகிறார்கள்; எண்ணெய் அவற்றில்தான் தங்கும், ரிங்கும் அவற்றோடு உரசித்தான் படியும். மாசற்ற வழவழப்பில் எண்ணெய்க்கு இடமில்லை.

பூட்டும் வேலைக்கு நான் உடனிருந்தேன். பூட்டுவளையம் உள்ளே தவறி விழாதபடி எஞ்சின் வாயைத் துணியால் அடைத்துப் பிஸ்டனை மாட்டினார் பெரியவர். பிறகு துணியை எடுத்துவிட்டு, இரு மரச்சக்கைகளின்மேல் பிஸ்டனை நிறுத்தி, ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராதபடி திருப்பி, சுவரெங்கும் எண்ணெய் தடவினார். நான் சிலிண்டரை இரு கைகளாலும் ஏந்தி இறக்க, அவர் ஒவ்வொரு ரிங்கையும் விரல்களால் நெருக்கிப் பிடித்தார். மூன்று முறை ‘டிக்’கென்று மெல்லிய ஓசை கேட்டது. சிலிண்டர் தன் பாரத்திலேயே பேக்கிங்கின்மேல் அமர்ந்தது.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டச் சொல்லியிருக்கிறார். முந்நூறு ஆகியிருக்கிறது. ஓசையில் இன்னும் புதுமையின் இறுக்கம் தெரிகிறது. இப்போது சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. எது விளிம்பு, எது சுவர் என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ரிங் ஓடி ஓடிச் சுவரைத் தேய்க்கத் தேய்க்கத்தான், அது எட்டாத அந்தப் பட்டை மறுபடியும் தனித்துத் தெரியத் தொடங்கும்.