பார்வை மான்

இருபது ஏக்கர் நிலத்தில் மானை வைத்துக்கொள்ள முடியாது. வெள்ளைவால் மான் ஒன்று சுற்றித் திரியும் எல்லை சுமார் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். சின்ன நிலக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான். சுற்றியுள்ள நிலங்களில் எது இல்லையோ அதைத் தன் நிலத்தில் உண்டாக்கி வைக்கலாம். பக்கத்தில் எல்லாம் சோளமும் சோயாவும் என்றால் இங்கே புதர். பக்கத்தில் காடு என்றால் இங்கே பசும்புல். ஊரே துப்பாக்கியோடு நடமாடும் நவம்பரில் இங்கே அமைதி.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அத்தை மகன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். படிக்கப் போன அமெரிக்காவிலேயே வேலை கிடைத்து விஸ்கான்சின் மாநிலத்தில் தங்கிவிட்டான். சில வருஷங்களுக்கு முன் 22 ஏக்கர் வாங்கினான். பழைய பால்பண்ணை ஒன்றிலிருந்து பிரித்து விற்ற துண்டு, பாதிக்கு மேல் சரிவு. தோட்டத்தில் பிறந்த ஒருவனுக்குத் தன் பெயரில் மண் என்பது என்ன அர்த்தம் என்று மலேசிய வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தாத்தா ஆயுள் முழுக்கப் பால் வெட்டிய மண்ணில் லயத்துக்குப் பின்னால் நாலு வாழை வைப்பதற்கே கிராணியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் அவன் அந்த 22 ஏக்கரில் என்ன செய்தாலும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வரும்.

அவன் செய்வது மானுக்காக. மானைச் சுடுவதற்காக.

முதலில் மண் பரிசோதனை செய்தான். அமிலம் அதிகம் என்று வந்ததும் சுண்ணாம்பு போட்டான். அரை ஏக்கரில் வெள்ளைக் குளோவர், இன்னொரு அரை ஏக்கரில் டர்னிப். உறைபனி பட்டபின் டர்னிப் இலையில் இனிப்பு ஏறும், அதுவரை முகர்ந்துவிட்டுப் போன மான் அப்போது நின்று தின்னும் என்றான். அங்கே இதை ஃபூட் பிளாட் என்கிறார்கள். சரிவில் இருக்கும் வேண்டாத மரங்களை நெஞ்சு உயரத்தில் முக்கால்வாசி அறுத்து, ஒரு பக்கம் பட்டை ஒட்டியிருக்கும்படி சாய்த்துவிடுகிறான். மரம் உடனே செத்துவிடுவதில்லை, படுத்தபடியே தளிர்க்கிறது. உயரத்தில் இருந்த இலை மானின் வாய்க்கு எட்டுகிறது, சாய்ந்த கிளைகள் மறைப்பாகின்றன. மான் பெரும்பாலும் காற்றை முதுகுக்கு வைத்துப் படுக்குமாம். பின்னால் வருவதை மூக்கு பார்த்துக்கொள்ளும், முன்னால் வருவதைக் கண் பார்த்துக்கொள்ளும். அதையும் கணக்கில் வைத்துத்தான் அவன் பரணுக்குப் போகும் பாதையை ஓடைக்குள் இறக்கியிருக்கிறான்.

மேற்குச் சரிவில் ஐந்து ஏக்கர் இருக்கிறது. அதில் அவன் காலே வைப்பதில்லை. நாயை விடுவதில்லை, காளான் பறிக்கவும் போவதில்லை. அடிபட்ட மான் அந்தப் பக்கம் ஓடினால் மட்டும் தேடிப் போவான். வேட்டைக்காரர்கள் இப்படிப்பட்ட இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் சரணாலயம்.

“பயமே இல்லாத எடம்னு அதுக்கு ஒண்ணு வேணும் மச்சான். அது இருந்தாத்தான் பகல்ல எழுந்திரிச்சு வெளிய வரும்” என்றான்.

எனக்கு உறுத்தியது இந்த வாக்கியம்தான். கொல்வது உறுத்தவில்லை. பிளாஸ்டிக் தட்டில் கோழி வாங்கிச் சமைக்கிறவன் நான், அந்தக் கோழிக்கு ஒருநாள்கூட ஓடித் தப்பிக்கும் வாய்ப்பு இருந்ததில்லை. என் மச்சான் வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மான் சுடுகிறான், தானே தோலுரிக்கிறான், குளிர்காலம் முழுக்கக் குடும்பம் அதைச் சாப்பிடுகிறது. என் கோழிக்குழம்போடு ஒப்பிட்டால் அவன் பக்கம்தான் கணக்கு நேராக இருக்கிறது. எனக்குச் செரிக்காதது வேறு. மானின் நிம்மதியே அங்கே ஒரு கருவியாகிவிட்டது. வாக்குக் கொடுக்காதபோது துரோகம் உண்டா? மானிடம் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவன் மானின் மொழியைப் படித்தவன். எந்தக் காற்று, எந்த மறைப்பு, எத்தனை நாள் மனித வாடை இல்லாமை என்று தெரிந்து, அந்த மொழியிலேயே ‘இங்கே பயமில்லை’ என்று மண்ணில் எழுதி வைக்கிறான். எழுதியவனுக்கு அது பாதிதான் உண்மை என்று தெரியும்.

இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். “தோட்டத்துல முனியாண்டிக்கு விட்ட கெடாவை யாரு வளத்தா? நம்ம அத்தனை பேரும் கையால எலை குடுத்து வளத்ததுதானே?”

சரியான கேள்வி. கிடாவின் நம்பிக்கை மானின் நம்பிக்கையைவிடப் பெரியது. ஆனால் கிடாவுக்கு நாம் பட்ட கடனும் பெரியது. மழைக்குக் கொட்டகை, கழிச்சலுக்கு மருந்து, நாய் வந்தால் தடியோடு ஓட்டம். காட்டு மிருகத்துக்கு அந்தக் கடன் எதுவும் கிடையாது, அதற்குப் பதிலாக அதற்குத் தூரம் இருக்கிறது. நம்மை நம்பாமல் இருக்கும் உரிமை என்றே சொல்லலாம். மேம்படுத்திய நிலத்து மான் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிடாவுக்குக் கிடைக்கும் பராமரிப்பும் முழுதாக இல்லை, காட்டு மிருகத்தின் தூரமும் முழுதாக இல்லை.

இது அமெரிக்கக்காரன் கண்டுபிடித்த சிக்கல் என்றும் சொல்ல முடியாது. பழக்கிய மானைக் கட்டிவைத்து, அதைக் காட்டிக் காட்டு மானை வரவழைப்பது நம் பழைய வேட்டை முறை. அப்படிக் கட்டிய விலங்குக்குத் தமிழில் ‘பார்வை’ என்றே பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு வருகிறது. விளாமர நிழல் விழும் முற்றத்தில் பார்வை மான் கட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்குப் போகும் பாணனுக்கு உலர்ந்த இறைச்சியோடு சோறு கிடைக்கும். விருந்தாளிக்குச் சோறு போடும் இடமும் மானை ஏமாற்ற மான் கட்டிய இடமும் ஒரே முற்றம். புலவர் இதில் முரண் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. நமக்குத்தான் அது முரணாகத் தெரிகிறது. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு இன்னோர் அதிகாரமும் வைத்த வள்ளுவரைப் படித்து வளர்ந்தவர்கள் இல்லையா!

இந்த விஷயத்தை இன்னும் குழப்பியது அத்தை.

அத்தை மகனோடு மூன்று மாதம் இருந்துவரப் போனவர். வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார், மகன் துப்பாக்கியை எடுத்தால் அறைக்குள் போய்விடுவார். அவர் தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டை மான்கள் குட்டிகளோடு வந்து தின்றுவிட்டுப் போயின. “பாவம், வாயில்லா ஜீவன்” என்று போனில் என்னிடம் சொன்னார். மகன் பார்த்தபோது ஒரு சத்தம் போட்டு நிறுத்திவிட்டான். காரணம், சட்டப்படி குற்றம் செய்துகொண்டிருந்தவர் அத்தைதான்.

க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்று மானுக்கு ஒரு நோய் இருக்கிறது. உருமாறிய ஒரு புரதம், பிரையான் என்பார்கள், மூளையை அரிக்கிறது. 1967இல் கொலராடோவில் கூண்டில் வளர்த்த மான்களிடம் முதலில் கண்டார்கள், 2002இல் விஸ்கான்சினில் தெரியவந்தது. மருந்தில்லை. எச்சிலிலும் சிறுநீரிலும் பரவுகிறது, மண்ணில் பல வருஷம் கிடக்கிறது, தொற்றிய மான் நெடுநாள் ஆரோக்கியமாகவே தெரியும். பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் பரவல் சுலபம். ஆகவே நோய் கண்ட மாவட்டங்களிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் மானுக்குத் தீனி கொட்டுவது தடை. சோளக் குவியல், உப்புக்கட்டி, அத்தையின் ஆப்பிள் எல்லாம் அதில் அடக்கம். மண்ணில் வேரோடு நிற்கும் குளோவருக்குத் தடையில்லை, அது விவசாயம். மனிதருக்கு இந்த நோய் வந்ததாக உறுதியாகவில்லை என்றாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். மச்சான் தான் சுடும் ஒவ்வொரு மானின் கழுத்து நிணநீர்க்கட்டியையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடுவதில்லை.

ஆக, கொல்லும் எண்ணமே இல்லாத கையிலிருந்து விழுந்த ஆப்பிள் ஒரு மந்தையையே சாகடிக்கக்கூடும். கொல்வதற்கென்றே விதைத்த குளோவர் அந்த அளவுக்கு ஆபத்தில்லாதது. எண்ணத்தை மட்டும் வைத்து ஒரு செயலை எடைபோடும் நம் பழக்கம் இங்கே உதவாது. அத்தையின் அன்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது கண்ணெதிரே நின்ற நாலு மான்களோடு முடிந்துபோன அன்பு.

வேட்டையை நியாயப்படுத்த வந்த தத்துவங்களில் எனக்கு ஓரளவு ஒத்துவருவது ஸ்பானியத் தத்துவவாதி ஒர்தேகா இ காசெத் 1942இல் எழுதியது. மனிதன் நினைத்தால் எந்த மிருகத்தையும் அழித்துவிட முடியும், அந்த முடியும் என்பதை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளும்போதுதான் அது வேட்டை என்பது அவர் வாதத்தின் சாரம். மிருகத்துக்குத் தப்பிக்கும் வழி இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் மச்சான் தேறுவானா? வேலி போடவில்லை, மான் எந்த நேரமும் போகலாம். ஆனால் போகத் தோன்றாதபடி செய்வதற்குத்தானே இத்தனை உழைப்பும்!

ஒர்தேகாவைவிட எனக்கு நெருக்கமாகத் தெரிபவர் ஆல்டோ லியோபோல்ட். வேட்டைக்காரர், வனத்துறை ஆள். 1933இல் வேட்டை விலங்குகளை நிலத்தில் எப்படிப் பெருக்குவது என்று பாடநூல் எழுதியவர். மச்சான் செய்யும் பலவற்றுக்கும் அந்த நூல் பாட்டன் மாதிரி. 1935இல் அதே விஸ்கான்சினில், பாராபூ ஊருக்கு அருகில், மண் செத்துப்போன ஒரு பண்ணையை வாங்கி, கோழிக்கூடாக இருந்த கொட்டகையைச் சரிசெய்து, குடும்பத்தோடு வார இறுதிகளில் ஆயிரக்கணக்கான பைன் மரங்களை நட்டார். அவருக்குப் பின்னால் புரிந்தது இதுதான்: மான் கூடினால் காடு குறையும். ஓநாயைக் கொன்றால் மான் பெருகும் என்று இளமையில் நம்பியவர், மான் பெருகிய மலையில் தளிரே இல்லாததைக் கண்டார். 1940களில் பெட்டை மானையும் சுட்டுக் குறைக்க வேண்டும் என்று சொன்னதற்காகத் தன் மாநிலத்து வேட்டைக்காரர்களிடமே ஏச்சு வாங்கினார்.

நிலத்தை மேம்படுத்துகிறேன் என்னும்போது யாருக்காக மேம்படுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்கச் சில லட்சமாகச் சுருங்கியிருந்த வெள்ளைவால் மான் இன்று சுமார் மூன்று கோடி. இனியும் அதை அழைக்க வேண்டுமா? மச்சானின் நிலத்திலேயே பதில் நிற்கிறது. மானுக்கு மிகப் பிடித்தது வெள்ளை ஓக் மரத்தின் கொட்டை, துவர்ப்பு குறைவு. அவன் நாற்பது ஓக் கன்று நட்டான். ஒவ்வொன்றையும் ஆளுயர பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டிருக்கிறான். திறந்து வைத்தால் மான் தளிரைக் கடித்து மொட்டையாக்கிவிடும். மானுக்காக நட்ட மரத்தை மானிடமிருந்து காக்க வேண்டிய நிலைமை.

நம் ஊரில் கணக்கு நேர் தலைகீழ். தீபகற்ப மலேசியாவில் ரூசா, கீஜாங் இரண்டையும் வேட்டையாட 2009இல் தடை வந்து பிறகு நீண்டது. மான் குறைந்தால் புலிக்குச் சோறில்லை, நாட்டில் மிஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்கிறது கணக்கெடுப்பு. பெர்ஹிலித்தான் காட்டுக்குள் செயற்கை உப்புச் சுனைகளை அமைக்கிறது. மச்சான் நிலத்தில் தடை செய்யப்பட்ட அதே உப்பு! நம் சட்டத்தில் உப்புச் சுனைக்கு அருகே வேட்டையாடக் கூடாது என்று தனியாகவே விதி உண்டு. தாமான் நெகாராவில் அதன் எதிரே பும்புன் கட்டி, ராத்திரி முழுக்க மனிதர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எயினரின் ‘பார்வை’ வேறு, இந்தப் பார்வை வேறு. ஆனால் அந்த உப்பும் ஒருவகையில் புலியின் பாத்திதான் என்பதை மறப்பதற்கில்லை. அங்கே சாகும் மானுக்கு யார் வைத்த உப்பு என்பது ஒரு பொருட்டா?

என் தீர்ப்பு என்று கேட்டால், குவியலுக்கும் வேருக்கும் நடுவே சட்டம் போட்ட கோடு நோய்க்காகப் போட்டது என்றாலும் அறத்துக்கும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. குவியல் நாளைக் காலைக்கானது. குளோவர் இந்த நவம்பருக்கானது. ஓக் நன்றாகக் காய்க்க இருபது முப்பது வருஷமாவது ஆகும். மச்சானுக்கு ஐம்பத்திரண்டு வயது, முட்டியில் வலி. அந்த மரத்தடியில் அவன் மான் சுடப்போவதில்லை என்று அவனுக்கே தெரியும். மரங்கொத்தியும் அணிலும் யாரோ ஒருவரின் பேரப்பிள்ளையும் அங்கே இருக்கலாம். அந்த ஐந்து ஏக்கர்தான் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. “சரணாலயம்னு பேரு வச்சா அதுக்குள்ள போய் படுக்கிறத வெளிய வந்ததும் சுடாத, இல்லைன்னா பேரை மாத்து” என்றேன். பேரில் என்ன இருக்கு என்றான். கொஞ்சநேரம் கழித்து, “மறைப்புன்னு வச்சுக்கலாமா?” என்று கேட்டான்.

துப்பாக்கிப் பருவம் நன்றி கூறும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். இந்த வருஷம் பரணில் பக்கத்தில் உட்கார வரச் சொல்கிறான், அத்தையும் அப்போது அங்கேதான் இருப்பாராம். நான் ஏப்ரலில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன குளிர்காலத்தில் பனிப் பாரத்தில் ஆறு குழாய் சாய்ந்துவிட்டதாம், முளைக்குச்சி மாற்ற வேண்டும்.